லாக் ஸ்கிரீனில் வசனம்: எதை எடுப்பது, எங்கே வெட்டுவது, எப்படி வைப்பது?

பெரம்பூர்வாசி

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வீட்டில் இருக்கிற மூன்று போனுக்கும் வசன வால்பேப்பர் நானே செய்யலாம் என்று இருக்கிறேன். ஃபார்வர்டில் வருகிற படங்கள் சரிப்படவில்லை. கடிகாரம் வசனத்தின் மேலேயே வந்து உட்காருகிறது, எழுத்து மங்கலாக இருக்கிறது, பாதிப் படங்களில் எழுத்துப்பிழை.

என் போன் 6.7 அங்குல ஆண்ட்ராய்டு, 1080×2400, கைரேகை வைக்கிற இடம் திரைக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக்காரருடையது ஐபோன் 13. அம்மாவுடையது 6.5 அங்குலம், 720×1600. அம்மா கண்ணாடி போடாமலே படிக்கும்படி எழுத்து இருக்க வேண்டும்.

யோசித்து வைத்திருக்கிற வசனங்கள்: எரேமியா 29:11, பிலிப்பியர் 4:13, யோபு 8:7, சங்கீதம் 121:1 (இதற்குப் பின்னால் மலைப் படம்), புலம்பல் 3:23, சங்கீதம் 23:1. எல்லாம் பழைய மொழிபெயர்ப்பில், சபையில் வாசிக்கிற வேதாகமத்தில் இருக்கிறபடியே வேண்டும்.

இவற்றில் எது தனியாக நிற்கும்? நீளமான வசனத்தைப் பாதியில் வெட்டலாமா? எழுத்து என்ன அளவு, எந்த எழுத்துரு? கடிகாரமும் நோட்டிஃபிகேஷனும் மறைக்காமல் எங்கே வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வேதபாடம்_கீழ்ப்பாக்கம்

சிஸ்டர், பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் அந்த ஆறில் மூன்றை அப்படியே போட வேண்டாம்.

லாக் ஸ்கிரீனில் அதிகாரம் இருக்காது, வசனம் மட்டும் நிற்கும். முன்வசனம் என்ன, பின்வசனம் என்ன என்று அங்கே யாரும் புரட்டப் போவதில்லை. அதனால் எடுக்கும்போதே பார்த்துவிட வேண்டும்: பேசுவது யார், யாரிடம் பேசுகிறார், 'அவைகள்', 'ஆகையால்', 'அப்பொழுது' என்று வருகிற சொற்கள் எதைச் சுட்டுகின்றன.

யோபு 8:7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்." கடை திறப்பு அழைப்பிதழிலிருந்து ஆட்டோ கண்ணாடி வரைக்கும் இந்த வசனம்தான். ஆனால் இதைச் சொல்கிறவன் யோபின் சிநேகிதன் பில்தாத். அதே அதிகாரம் நாலாம் வசனத்தில், யோபின் பிள்ளைகள் செத்தது அவர்கள் செய்த பாவத்தால் என்கிற தொனியில் பேசிவிட்டுத்தான் இங்கே வருகிறான். 42:7-ல் கர்த்தர், யோபின் சிநேகிதர் மூன்று பேரும் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். அவர் ஒப்புக்கொள்ளாத பேச்சின் நடுவிலிருந்து ஒரு வரியை உருவி வாக்குத்தத்தமாக வைப்பது எனக்குச் சம்மதமில்லை. இத்தனைக்கும் அதே கருத்து அதே புத்தகத்தின் கடைசியில் நேராகவே இருக்கிறது. யோபு 42:12: "கர்த்தர் யோபின் முன்னிலைமையைப்பார்க்கிலும் அவன் பின்னிலைமையை ஆசீர்வதித்தார்". அதைப் போடுங்கள்.

இதே தவறு முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு லூக்கா 4:7-ஐத் திறந்து பாருங்கள். "எல்லாம் உம்முடையதாகும்" என்பது தனியாக வாசிக்க ஆசீர்வாதம் மாதிரியே இருக்கும். சொல்கிறவன் பிசாசு.

சங்கீதம் 121:1. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." இதை மட்டும் மலைப் படத்தின் மேல் எழுதினால், ஒத்தாசை மலையிலிருந்து வருவதாகவே கண் படிக்கும். பல மொழிபெயர்ப்புகளில் இந்த இடம் கேள்வியாக இருக்கிறது: எனக்கு எங்கிருந்து உதவி வரும்? பதில் இரண்டாம் வசனத்தில்தான். ஆகையால் 121:2-ஐ எடுங்கள்: "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்." மலைப் படம் இருந்தாலும் பரவாயில்லை, இப்போது வசனம் மலையைத் தாண்டிப் போகிறது.

புலம்பல் 3:23 "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று தொடங்குகிறது. எவைகள்? 22-ல் சொன்ன இரக்கங்கள். 23-ஐத் தனியாக வைத்தால் 'அவைகள்' அந்தரத்தில் தொங்கும். இரண்டு வசனத்தையும் சேர்த்துப் போட இடம் போதாது. 22-ன் பின்பாதி போதும்: "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை."

எரேமியா 29:11-ஐயும் பிலிப்பியர் 4:13-ஐயும் தடுக்க மாட்டேன், ஆனால் எதை வைக்கிறோம் என்று தெரிந்து வையுங்கள். முதலாவது, பாபிலோனில் சிறையிருக்கிறவர்களுக்கு எரேமியா எழுதின நிருபத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. 'உங்கள்பேரில்' என்று பன்மையில் இருப்பதும் அதனால்தான். அடுத்த மாத இன்டர்வியூவுக்கான உறுதிச்சீட்டாக அதை வாசிக்கக் கூடாது. இரண்டாவது, பவுல் கட்டுண்டு இருக்கும்போது எழுதினது. 4:12-ல் "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்கிறார். எந்த நிலையிலும் மனநிறைவாயிருக்கிற பெலன் அது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு இதை வைத்துக்கொடுப்பதாக இருந்தால் 12-ஐயும் ஒருமுறை வாசித்துக்காட்டிவிட்டு வையுங்கள்.

வெட்டுவது பற்றிக் கேட்டீர்கள். பழைய மொழிபெயர்ப்பில் அரைப்புள்ளிகள் நமக்குப் பெரிய உதவி. வசனத்தை அரைப்புள்ளியில் வெட்டலாம், காற்புள்ளியில் வெட்டக் கூடாது. ஏசாயா 41:10 மொத்தம் 19 சொல், லாக் ஸ்கிரீனுக்கு நீளம். முதல் அரைப்புள்ளி வரைக்கும் எடுத்தால் "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்". கட்டளையும் இருக்கிறது, அதற்கான காரணமும் இருக்கிறது. காற்புள்ளியிலேயே நிறுத்திவிட்டால் "நீ பயப்படாதே" மட்டும் மிஞ்சும். பயப்படாமல் இருக்க எது ஆதாரமோ அது போய்விடும்.

அரைப்புள்ளி வழி எல்லா இடத்திலும் செல்லாது. எபிரெயர் 13:5-ல் "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்ற வாக்கு வசனத்தின் கடைசியில் வருகிறது. முன்பாதி பண ஆசையில்லாமல் இருக்கச் சொல்கிறது. பின்பாதியை மட்டும் போடுவதில் பொருள் கெடாது. ஆனால் அந்த வாக்கு பணத்தைப் பற்றின பேச்சில் வருகிறது என்பது தெரிந்தால், மாசக் கடைசியில் அதை வாசிக்கிற விதமே வேறு.

இன்னொன்று. உங்கள் பட்டியலில் இருக்கிற எல்லாம் எங்கேயும் வைக்கக்கூடிய வசனங்கள். போனைக் கையில் எடுக்கிற நேரத்துக்கென்றே பொருந்துகிற வசனங்கள் இருக்கின்றன, அவற்றை ஏன் யாரும் எடுப்பதில்லை என்று எனக்கு ஆதங்கம். கடிகாரத்துக்குக் கீழே சங்கீதம் 31:15, "என் காலங்கள் உமது கரத்திலிருக்கிறது". நாலே சொல். மணி பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கண் அதன்மேல் விழும். வாட்ஸ்அப்பில் கோபமாகப் பதில் போடப் போகிறவருக்கு 141:3, "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்". ரீல்ஸ் பார்த்துக்கொண்டே நேரம் போய்விடுகிறவருக்கு 119:37, "மாயையைப் பாராதபடி நீர் என் கண்களை விலக்கி, உமது வழிகளில் என்னை உயிர்ப்பியும்." ராத்திரிக்கு 4:8, "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்".

ஆபீஸ் மேஜையில் மல்லாந்து கிடக்கிற போனை அடுத்த நாற்காலிக்காரரும் படிப்பார். 23-ம் சங்கீதத்திலேயே 5-ம் வசனம் "என் சத்துருக்களுக்கு முன்பாக" என்று ஆரம்பிக்கிறது. அதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

டிடிபி_வேப்பேரி

வசனத் தேர்வை மேலே ஐயா சொல்லிவிட்டார். நான் எழுத்து வேலையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வாசகம். டைப் செய்யும்போது கீபோர்டு சொல்லித்தருகிற சொல்லை ஏற்காதீர்கள். சபையில் வாசிக்கிற வேதாகமத்தின் நடை 1871-ல் வந்த பவர் ஐயர் திருப்புதலின் (மொழிபெயர்ப்பின்) நடை. அதில் எதிர்மறை வினை இன்றைக்கு நாம் பேசுகிற மாதிரி இருக்காது. "நான் தாழ்ச்சியடையேன்" என்றால் தாழ்ச்சியடைய மாட்டேன். கீபோர்டு அதைத் 'தாழ்ச்சியடைவேன்' என்று திருத்தித் தரும். நடுவில் ஒரே ஒரு 'வே', பொருள் தலைகீழ். சங்கீதம் 23:4-ல் "பொல்லாப்புக்குப் பயப்படேன்" என்பது 'பயப்படுவேன்' ஆகிவிடும். பிலிப்பியர் 4:13-ல் "எனக்குப் பெலனுண்டு" என்பதைப் 'பலனுண்டு' என்று மாற்றினால் வல்லமை போய் ஆதாயம் வந்துவிடும். பாதிப் படத்தில் எழுத்துப்பிழை என்றீர்களே, ஃபார்வர்டு படங்களில் நான் முதலில் தேடுவது இந்த மூன்று இடங்களைத்தான். அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்து ஒத்துப்பாருங்கள்.

பழைய வலைத்தளத்திலிருந்தோ பழைய பேஜ்மேக்கர் கோப்பிலிருந்தோ காப்பி எடுத்தால், பாமினி மாதிரி யூனிகோட் அல்லாத எழுத்துருவில் இருக்கும். ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். அதை மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கிவிட்டு, மறுபடியும் ஒத்துப்பாருங்கள், மாற்றிகளும் தப்பு செய்யும்.

எழுத்தளவு. சொற்கள் எத்தனை என்று எண்ணுவதைவிட வசனத்தில் ஆக நீளமான சொல் எது என்று பாருங்கள். தமிழில் அளவைத் தீர்மானிப்பது அதுதான். 23:1-ல் ஐந்தே சொல், ஆனால் 'மேய்ப்பராயிருக்கிறார்' என்பது பதினோரு எழுத்து, காலும் கொம்பும் சேர்த்தால் பதினாலு எழுத்தின் அகலம். 1080 அகலத்தில் இரண்டு பக்கமும் 90 பிக்சல் விட்டால் எழுத 900 கிடைக்கும். 64 பிக்சல் அளவில் ஓர் எழுத்துக்குச் சராசரியாக 54 பிக்சல் போகும், ஆக ஒரு வரிக்குச் சுமார் 16 எழுத்தகலம். அந்தச் சொல் ஒரே வரியில் தாராளமாக நிற்கும். உங்கள் 6.7 அங்குலத் திரையில் 64 பிக்சல் என்பது சுமார் 4 மில்லிமீட்டர் உயரம், கை நீட்டின தூரத்தில் படிக்கலாம்.

வரியை ஆப்பே உடைக்க விடாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் நீங்களே என்டர் தட்டுங்கள், பொருள் பிரிகிற இடத்தில்:

கர்த்தர் என்
மேய்ப்பராயிருக்கிறார்;
நான் தாழ்ச்சியடையேன்.

'நான்' இரண்டாம் வரியின் கடைசியில் போய் ஒட்டினால் வாசிப்புத் தடுக்கும். ஜஸ்டிஃபை கொடுக்கவே வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை, ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் வரும், நடுவில் ஆறு மாதிரி இடைவெளி விழும். நடுவாக்கில் வையுங்கள், இல்லையென்றால் இடப்பக்கம் ஒட்டி வையுங்கள்.

லெட்டர் ஸ்பேசிங் பூஜ்யம். அழகுக்காக அதை இழுத்தால் சில ஆப்களில் 'கொ' மூன்றாகப் பிரிந்து, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். வரி இடைவெளி 1.4-லிருந்து 1.6. இங்கே கஞ்சத்தனம் செய்தால் மேல்வரியின் 'ழு', 'கு' கீழே இறங்கி அடுத்த வரியின் புள்ளியிலும் விசிறியிலும் முட்டும். அவுட்லைன் 2 பிக்சலுக்கு மேல் போனால் ண, ஞ, ழ எழுத்துகளின் சுழி அடைத்துக்கொள்ளும், நிழல் கனமானால் புள்ளி காணாமல் போகும். புள்ளி போன 'கர்த்தர்' எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எழுத்துரு: முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ செரிஃப் தமிழ் மூன்றும் இலவசம், மூன்றும் சுத்தமாக நிற்கும். மீடியம் அல்லது செமிபோல்டு கனம் எடுங்கள். மெல்லிய கனம் கணினியில் அழகாக இருக்கும், போனில் கரைந்துவிடும். அலங்கார எழுத்துரு ஏதாவது பிடித்திருந்தால் முதலில் 'ஜெபம், ஸ்தோத்திரம், அபிஷேகம், ஹோரேப்' என்று நாலு சொல் அடித்துப் பாருங்கள். கிரந்த எழுத்து இல்லாத எழுத்துருவாக இருந்தால் ஜ, ஸ், ஷ், ஹ மட்டும் வேறு எழுத்துருவில் துருத்திக்கொண்டு நிற்கும். நம் வசனங்களில் அவை இல்லாமல் முடியாது.

போனிலேயே செய்வதானால் பிக்செல்லேப் அல்லது கேன்வா போதும். கணினியில் பழைய ஃபோட்டோஷாப் என்றால் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினை வேர்ல்டு ரெடி லேஅவுட் என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

பின்னணிப் படம் இருந்தால் அதன்மேல் 40-லிருந்து 50 சதவீதம் கறுப்புத் திரை போடுங்கள், கொஞ்சம் மங்கலாக்குங்கள், எழுத்து வெள்ளை. ஆனால் வெயிலில் வண்டியை நிறுத்திப் பார்க்கிறவர்களுக்கு இது உதவாது. கறுப்புத் திரை கண்ணாடி மாதிரி உங்கள் முகத்தையே காட்டும். பகலில் வெளியே அதிகம் பார்க்கிற போனுக்கு வெளிர்ப் பின்னணி, கரும்பழுப்பு எழுத்து.

சேமிக்கும்போது பிஎன்ஜி. ஜேபெக் எழுத்தின் ஓரத்தில் கொசு மொய்த்த மாதிரிப் புள்ளி விடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாகுமென்டாக இணைத்து அனுப்புங்கள். உங்களுக்கு வந்த படங்கள் மங்கலாக இருந்ததற்கு இதுவே காரணமாக இருக்கும், நாலு கை மாறி நாலு தடவை சுருங்கியிருக்கும்.

---

பெரம்பூர்வாசி

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி ஐயா, நன்றி பிரதர். யோபு 8:7 பில்தாத் சொன்னது என்று தெரியாமலே இருந்தேன்.

என் போனில் 31:15 போட்டுப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன் இரண்டு வந்ததும் வசனம் மூடிப்போகிறது. அம்மா போனில் 23:1-ஐ 56 பிக்சலில் வைத்தால் 'மேய்ப்பராயிருக்கி' ஒரு வரி, 'றார்' அடுத்த வரி என்று உடைகிறது. அளவைக் குறைத்தால் அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குச் சங்கீதம் 46:10-ம் பிடிக்கும், அது தனியாக நிற்குமா?

---

செட்டிங்ஸ்_அம்பத்தூர்

நோட்டிஃபிகேஷன் விஷயத்தில் ஆண்ட்ராய்டும் ஐபோனும் எதிரெதிர். பெரும்பாலான ஆண்ட்ராய்டில் அவை கடிகாரத்துக்குக் கீழே தொடங்கி இறங்கும். ஐபோனில் ஐஓஎஸ் 16-லிருந்து அடியில் தொடங்கி மேலே அடுக்கும். அதனால் ஒரே படத்தை இரண்டுக்கும் போடக் கூடாது.

உங்கள் 1080×2400-ல் மேலிருந்து சுமார் 720 பிக்சல் கடிகாரத்துக்கும் தேதிக்கும் போகும். அங்கிருந்து 1300 வரைக்கும் நோட்டிஃபிகேஷன் வரும். 1300-க்கும் 1850-க்கும் நடுவில் வசனம். அதற்குக் கீழே கைரேகை வட்டம். ஐபோன் 13 திரை 1170×2532. அதில் விட்ஜெட் வரிசையோடு சேர்த்து 950 வரைக்கும் விட்டுவிட்டு, 950-லிருந்து 1600-க்குள் எழுதுங்கள். அடியில் டார்ச், கேமரா பொத்தான்கள்.

இந்த எண்கள் போனுக்குப் போன் கொஞ்சம் நகரும். சரியாக அளக்க ஒரு வழி: இரண்டு மூன்று நோட்டிஃபிகேஷன் இருக்கும்போது போனைப் பூட்டி, பூட்டின திரையிலேயே பவரையும் வால்யூம் குறைப்பையும் சேர்த்து அழுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஐபோனில் பக்கப் பொத்தானும் வால்யூம் கூட்டுவதும். அந்தப் படத்தை எடிட்டரில் மேல் அடுக்காக 50 சதவீதம் தெளிவில் வைத்து, கடிகாரமும் பெட்டிகளும் இல்லாத இடத்தில் வசனத்தை நகர்த்திவிட்டு, சேமிக்கும் முன் அந்த அடுக்கை நீக்குங்கள். சில பேர் அதை நீக்க மறந்து இரண்டு கடிகாரத்தோடு வால்பேப்பர் வைத்துவிடுவார்கள்.

இரண்டுக்கு மேல் வந்தால் எங்கே வைத்தாலும் மூடத்தான் செய்யும். அதற்கு நோட்டிஃபிகேஷனையே சுருக்குங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் 'கவுன்ட்' தேர்ந்தால் அடியில் எண்ணிக்கை மட்டும் ஒரு வரியாக நிற்கும். ஆண்ட்ராய்டில் பல போன்களில் 'ஐகான்கள் மட்டும்' என்ற வசதி லாக் ஸ்கிரீன் செட்டிங்ஸில் இருக்கிறது.

வைக்கும்போது ஆண்ட்ராய்டு படத்தை லேசாகப் பெரிதாக்கும், ஓரம் வெட்டுப்படும். மேலே சொன்ன 90 பிக்சல் ஓரம் அதற்கும் சேர்த்துத்தான், அதைக் குறைக்காதீர்கள். ஐபோனில் லாக் ஸ்கிரீனை அழுத்திப்பிடித்துப் புதிது சேர்க்கும்போது, இரண்டு விரலால் கிள்ளிப் படத்தை முழுசாகச் சுருக்குங்கள். பின்னணியில் சிலுவையோ ஆளோ உயரமாக இருந்தால் 'டெப்த் எஃபெக்ட்' அதைக் கடிகாரத்துக்கு முன்னால் தள்ளும். மூன்று புள்ளியைத் தொட்டு அணைத்துவிடலாம்.

ஒரு வாரத்தில் வசனப்படம் தானாகவே போய் வேறு ஏதோ இயற்கைக் காட்சி வந்துவிட்டது என்றால், வால்பேப்பர் கரோசல் மாதிரி ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். அம்மா போனில் அதை இப்போதே அணையுங்கள். அணைக்காமல் என்ன செய்தாலும் வீண்.

வீட்டுக்காரருக்கு ராத்திரி 4:8, பகலில் வேறு வசனம் வேண்டுமென்றால், ஐபோனில் இரண்டு லாக் ஸ்கிரீன் செய்து ஒன்றை ஸ்லீப் ஃபோகஸோடு இணையுங்கள். படுக்கிற நேரம் வந்ததும் தானாக மாறும். சாம்சங்கில் மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸில் இதே வசதி இருக்கிறது. ஐபோனில் 'போட்டோ ஷஃபிள்' போட்டு ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு வசனம் மாற்றலாம், ஆனால் நான் சொல்ல மாட்டேன். ஒரு வசனம் மனசில் படிய அதுவே திரும்பத் திரும்ப வர வேண்டும். சபையில் மாதத்துக்கு ஒரு வாக்குத்தத்த வசனம் கொடுத்தால், ஒன்றாம் தேதி மாற்றுவது நல்ல கணக்கு.

---

சாந்தோம்_வாசகி

கத்தோலிக்க வீடுகளில் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் சொற்கள் சின்னவை, லாக் ஸ்கிரீனுக்கு வசதி. திபா (திருப்பாடல்கள், அதாவது சங்கீதம்) 23:1: "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." ஆக நீளமான சொல்லே ஆறு எழுத்து. சின்னத் திரையிலும் எழுத்தை நன்றாகப் பெரிதாக வைக்கலாம்.

ஆனால் பெரியவர்களுக்குச் செய்யும்போது, அவர்கள் வாயில் எந்த மொழிபெயர்ப்பு மனப்பாடமோ அதையே வையுங்கள். எழுத்து சரியாகத் தெரியாவிட்டாலும் முதல் சொல்லைப் பார்த்ததும் மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். அடையாளக் குறிப்பும் அதற்கேற்ப இருக்கட்டும்: திருவிவிலியம் என்றால் திபா, எசா, பழைய மொழிபெயர்ப்பு என்றால் சங்கீதம், ஏசாயா. ஒரு மொழிபெயர்ப்பின் வாசகத்துக்குக் கீழே இன்னொன்றின் பெயரைப் போட்ட படங்கள் நிறையச் சுற்றுகின்றன. இரண்டு சபையும் கலந்த குடும்பக் குழுவுக்கு அனுப்பும்போது சீராக்கின் ஞானம், சாலமோனின் ஞானம் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள், மற்றவர்கள் வேதாகமத்தில் அந்தப் புத்தகங்கள் இல்லை, தேடினால் கிடைக்காது.

---

டிடிபி_வேப்பேரி

அம்மா போன் கணக்கு: 720 அகலம். ஓரத்தை இரண்டு பக்கமும் 40 ஆக்கினால் எழுத 640. 56 பிக்சலில் 'மேய்ப்பராயிருக்கிறார்' சுமார் 665 கேட்கும், அதனால்தான் உடைகிறது. 52 ஆக்கினால் 620-க்குள் அடங்கும். அந்தத் திரையில் 52 பிக்சல் என்பது கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர், உங்கள் போனில் 64 வைத்ததைவிடப் பெரிது. பிக்சல் எண்ணைப் பார்த்துச் சின்னது என்று பயப்பட வேண்டாம். ஓரத்தைக் குறைத்துவிட்டதால், வைக்கும்போது போன் படத்தைப் பெரிதாக்கி முதல் எழுத்தை வெட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

56-ஐ விட மனசில்லையென்றால் நோட்டோ சான்ஸ் தமிழின் குறுகிய வடிவத்தை எடுத்து, கனத்தைப் போல்டு ஆக்குங்கள். படத்தைக் கையால் பக்கவாட்டில் நசுக்காதீர்கள், செங்குத்துக் கோடெல்லாம் மெலிந்துவிடும்.

பின்னணி ஒரே நிறமாக இருக்கட்டும். கண்ணாடி இல்லாத கண்ணுக்குப் பூவும் மேகமும் எழுத்தோடு கலந்துவிடும்.

---

வேதபாடம்_கீழ்ப்பாக்கம்

46:10 நிற்கும். "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்பதோடு அரைப்புள்ளி வருகிறது, அங்கே நிறுத்தலாம். 'அமர்ந்திருந்து' என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு மீதியைச் சின்னதாக்குகிற வழக்கம் இருக்கிறது, அது வேண்டாம். முந்தின வசனம் அவர் பூமியின் கடைமுனைமட்டும் யுத்தங்களை ஓயப்பண்ணுகிறார் என்கிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் சொன்ன கட்டளை இது. அமர்ந்திருப்பது, அவர் தேவன் என்று அறிந்துகொள்வதற்காக. இரண்டும் ஒரே அளவில் இருக்கட்டும். நாலு வரியாக:

நீங்கள் அமர்ந்திருந்து,
நானே தேவனென்று
அறிந்துகொள்ளுங்கள்…
சங்கீதம் 46:10

வெட்டின இடத்தில் அரைப்புள்ளியும் வேண்டாம், முற்றுப்புள்ளியும் வேண்டாம். மூன்று புள்ளி வைத்தால், வசனம் இன்னும் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும், வேதாகமத்தைத் திறக்கும்போது மீதியைத் தேடுவார்கள். அடையாளக் குறிப்பை வசனத்தின் எழுத்தளவில் பாதிக்குச் சற்று மேலே வையுங்கள், அம்மாவுக்கு 32 பிக்சல் போதும்.